அதே மாதிரி இன்னொன்னு

கிருபை,
இரவு இரண்டு நாற்பதுக்கு நீ கேட்டாய்:
"முடிச்சுட்டேன். அதே மாதிரி இன்னொன்னு சொல்லு."
கோத்தகிரியில் உன் வார்டு தூங்கியிருக்கும்.
இங்கே குன்னூரில்
தெருவிளக்கை விழுங்கிய மூடுபனி
போதாமல் என் ஜன்னலை நக்கிக்கொண்டிருந்தது.

நீ முடித்தது பன்னிரண்டே பகுதி.
பனி விழும் ஜப்பானிய ஊர்,
முடிதிருத்தும் ஒரு நடுவயதுக்காரர்.
பகுதிக்கு ஒருவர் வந்து உட்கார்ந்து
தலையைக் கொடுப்பார், கூடவே கொஞ்சம் கதையும்.
சாபம் இல்லை, வாள் இல்லை.
யாரும் உலகத்தைக் காப்பாற்றவில்லை.

அதே மாதிரி என்றால்
எது மாதிரி?

பனி என்று நினைத்தேன்.
ஓநாய்கள் திரியும் வடக்குத் தீவுக் கதையைச் சொன்னேன்.
"ரெண்டாவதுலயே ஒருத்தன் தலை போச்சு.
நான் கேட்டது முடி வெட்டுறது."

சரி, சின்னக் கடை, தினம் வரும் ஆட்கள்.
நான்கு பெண்கள் நடத்தும் ரொட்டிக்கடைத் தொடர் அனுப்பினேன்.
எல்லோர் கண்ணிலும் நட்சத்திரம்.
"சர்க்கரை நோயாளிங்களோட இருக்கேன், ஞாபகம் இருக்கா?"

என் வேலை உனக்குத் தெரியும்.
ஏலத்துக்கு முன் காலையில்
வரிசையாய் வெள்ளைக் கிண்ணங்கள்;
உறிஞ்சு, வாயில் சுழற்று, துப்பு, நகர்.
நிறம் பார்த்துச் சொன்னால் மாட்டிக்கொள்வேன்.
மேட்டுச் சரிவின் இலையும்
கூடலூர்ப் பக்கத்து இலையும்
கண்ணுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாமல்
நாக்கின் பின்பக்கம் ஒரே இடத்தில் போய்
உட்காரும் சில நாள்.

அன்று மந்தண்ணா சார் லாட் எண் கேட்டார்.
"பதினொன்னு" என்றேன்.
கிண்ணத்தில் இருந்தது இருபத்தாறு.
வாங்கிக் கட்டிக்கொண்டேன்,
ஆனால் கிடைத்துவிட்டது.

பதினோராம் பகுதி.
அன்று கடைக்கு ஒருவரும் வரவில்லை.
அவர் துண்டைச் சுடுநீரில் நனைக்கிறார்,
அது ஆறுகிறது, மறுபடி நனைக்கிறார்.
மாலையில் துடைப்பம் எடுத்து
ஒரு மயிர்கூட விழாத தரையைக்
கூட்டுகிறார்.

உடனே எழுதினேன்:
"இரும்பு ராட்சதர்கள். இருபத்து நாலு பகுதி.
நகரம் நொறுங்கும்.
அடிக்கிற அடிக்கெல்லாம் பெயர் வைத்துக் கத்துவார்கள்.
பொறுத்துக்கோ. ஏன்னு கேக்காதே."

"ரோபோவா? நல்லா இருக்கியா நீ?"

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.
ஐந்து நாள்.
கட்டபெட்டில் டவர் படுத்துவிட்டதாய்
பஸ்ஸில் யாரோ சொன்னார்கள்,
நம்ப வசதியாக இருந்தது.
இரவுக்கு இரண்டு பகுதி என்று
விரல்விட்டுக்கூடப் பார்த்தேன்.
கோபம் என்றால் கணக்கு உதவாது.

ஆறாம் நாள் விடியல் நாலு பத்து.

"ஒன்பது."

அவ்வளவுதான் இருந்தது செய்தியில்.

ஒன்பதில் சண்டை எங்கோ தூரத்தில்.
எண்ணெய் துடைக்கும் பெண்
கொட்டகை விளக்கை அணைக்காமல் இருக்கிறாள்.
திரும்பி வராத இயந்திரம் நிற்கும் இடத்தில்,
அதன் இடது முழங்கால் ஒழுகுமே, சரியாக அதற்குக் கீழே,
தட்டை வைத்துவிட்டுப்
பக்கத்தில் உட்கார்கிறாள்.

"ஆமா" என்று அடித்து, அழித்தேன்.
அதற்குள் நீயே எழுதினாய்:
"ஏழாம் நம்பர் பெட்டுக்கு விரிப்பு மாத்தணும். போறேன்.
வேற இருந்தா சொல்லு. அவசரமில்ல."

கைவசம் ஒன்றுதான் இருக்கிறது, கிருபை.
வாத்து மேய்க்கும் ஒரு மந்திரவாதி.
பாட்டு சகிக்காது, வாத்துகள் பேசும்,
ஆறாவது வரைக்கும் சுத்த மொக்கை.

பரவாயில்லையா?