பிளாசியார் கையிலிருக்கும் சீப்பு

சோமனூர் தாண்டி, சோளக்காட்டு மேட்டில்,
ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கோவிலில் நிற்கிறார்
ஆயர் பிளாசியார்.
போன வருசம் வர்ணம் அடித்தவன்
மாரியம்மன் தேருக்கும் அடிக்கிறவன்.
கன்னத்தில் சிவப்பு கொஞ்சம் கூடிப்போயிற்று.
இடக்கையில் இரண்டு மெழுகுத்திரி.
வலக்கையில் ஒரு சீப்பு.

சீப்பைப் பார்த்துவிட்டு, முடி கொட்டுகிற பெண்கள்
பிளாஸ்டிக் சீப்பு வாங்கிவந்து காலடியில் வைக்கிறார்கள்.
வாரம் ஒரு கூடை சேர்கிறது.
"தலை வாருற சீப்பில்லீங்க அது" என்று
சொல்லிச் சொல்லி அலுத்துப்போன உபதேசியார் தனிஸ்லாஸ்
தன் வழுக்கையைத் தடவிக்கொள்கிறார்.

எனக்குத் தெரியும் அந்தச் சீப்பை.
பதினோரு வருசமாகக் கார்டிங்கில் நிற்கிறேன்.
உருளை முழுக்க ஊசிப் பல்.
பொதியாக உள்ளே போகிற பஞ்சு
ஆவிபோல் விரிந்து மெலிந்து
வெள்ளைக் கயிறாகக் கேனில் சுருளும்.
பல்லிடுக்கில் சிக்கியதை
மெஷின் நின்றபின் நாங்கள் பிடுங்க வேண்டும்.
ஒருதரம், முழுதாக நிற்குமுன்பே கையை விட்டேன்.
புறங்கையில் நான்கு கோடு, இன்னும் இருக்கிறது.
அவருக்கு உடம்பு முழுக்க.

செபஸ்தே என்ற ஊரில் வைத்தியராக இருந்தாராம்.
மலைக்குகையில் ஒளிந்திருந்தபோது
கால் வீங்கிய ஓநாயும் காது கிழிந்த கரடியும்
டோக்கன் இல்லாமல் வரிசையில் நின்று
காட்டிவிட்டுப் போகுமாம்.
பிடித்துக்கொண்டு போகிற வழியிலும்
மீன்முள் சிக்கிய மகனைத் தூக்கி ஒருத்தி ஓடிவர,
விலங்கு பூட்டிய கையை அந்தத் தொண்டையில் வைத்தாராம்.
அப்புறம், கம்பளிக்குச் சிக்கெடுக்கிற இரும்புச் சீப்பால்
அவரை வாரினார்கள்.
அதற்கும் அப்புறம் வாள்.
சிறை இருட்டுக்கு மெழுகுத்திரி கொண்டுபோனவள்
பன்றி வளர்த்த ஒரு விதவை.
அவள் பேரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

பிப்ரவரி மூன்று.
மூன்றாம் ஷிஃப்ட் முடிந்து, தலையில் பஞ்சோடு
நேராகப் போனோம், நானும் நாச்சம்மாளும்.
"எனக்கெல்லாம் வெப்பாங்களா அம்மிணி?
கழுத்துல ஆத்தா தாயத்து கெடக்குதே."
"தொண்டைக்குத்தான வெக்கறாங்க, வா" என்றேன்.

நாச்சம்மாளுக்குத் திங்கட்கிழமை இருமல்.
ஞாயிறு லீவில் நெஞ்சு கொஞ்சம் திறக்கும்,
திங்கள் மில் வாசலில் பூட்டிக்கொள்ளும்.
மில் டாக்டர் சீட்டில் ஆஸ்துமா என்று எழுதினார்.
பக்கத்தில் பரம்பரை என்றும் எழுதினார்.
அவள் பரம்பரையில் எல்லோரும் ஆடு மேய்த்தவர்கள்,
இந்தக் கரட்டில் நின்று அந்தக் கரட்டு ஆட்டைக் கூப்பிட்ட
தொண்டைகள்.

சாமியார் இரண்டு திரியையும் குறுக்காகப் பிடித்துத்
தாயத்துக்கு மேலேயே வைத்தார்.
சிவப்பு நாடா தாடையில் உரசியது.
செபம் பாதியில் இருக்க, வந்துவிட்டது இருமல்.
குனிந்தாள். சுவரைத் துழாவினாள்.
கூடை சரிந்து தரையெல்லாம் சீப்பு.
சாமியாருக்குச் சின்ன வயசு.
திரியை எடுப்பதா வைத்திருப்பதா தெரியாமல்
அவள் குனிந்த உயரத்துக்குத் தானும் குனிந்து
விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.
சொல்ல வேண்டியது மறந்துபோயிருக்கும்,
உதடு மட்டும் அசைந்தது.

முள்ளென்றால் ஒன்று. எடுத்தால் முடிந்தது.
பஞ்சுக்கு எது முனை, எது அடி?
பிளாசியாரே, நீர் வைத்தியர்.
உம்மை வாரியது எதுவென்று உமக்குத் தெரியும்.
இவள் சீட்டில் நீர் என்ன எழுதியிருப்பீர்?

சிவப்புக் கன்னம் அப்படியே இருந்தது.

பஸ் நிறுத்தம் வந்தபின்தான் பார்த்தோம்,
ஒரு சீப்பு அவள் கையோடு வந்திருக்கிறது.
பச்சை. ஒரு பல் இல்லை.
"கொண்டுபோய் வெச்சர்லாமா?"
"பஸ் போயிரும்."
வேப்பமர நிழலில் என்னைத் திருப்பி நிறுத்தி
என் தலையிலிருந்த பஞ்சை வாரி எடுத்தாள்,
அப்புறம் தன் தலையிலிருந்ததை.
ஊதிவிடுவாள் என்று பார்த்தேன்.
உருட்டி முந்தானையில் முடிந்துகொண்டாள்.
"எதுக்கு அது?"
"டாக்டருக்கு" என்றாள்.
"திங்கக்கெழமை அவரு மேசை மேல வெக்கோணும்."