வெடிப்பிலிருந்து தொலைவு

படிவத்தில் ஆறாம் கேள்வி:
வெடிப்பு நடந்த இடத்திலிருந்து
நீங்கள் எவ்வளவு தொலைவில் இருந்தீர்கள்?
மீட்டரில் எழுதவும்.

நான் சலவைக் கூடத்தில் இருந்தேன் ஐயா.
காயலில் இறங்கியவர்கள் இறங்கினார்கள்,
கப்பல் தளம் துடைத்தவர்கள் துடைத்தார்கள்.
அவர்கள் சட்டைகள்தாம்
மூட்டை மூட்டையாய் என்னிடம் வந்தன.
உதறினால் மாவு போல ஏதோ பறக்கும்.
பவளத் தூசி, ஒன்றும் செய்யாது என்றார் சார்ஜண்ட்,
வாசலுக்கு வெளியே நின்றபடி.
மார்பில் குத்தும் கதிர்ப்பட்டை
இறங்கியவர்களுக்கு உண்டு.
துவைக்கிற சொல்தாவுக்கு எதற்கு?

ஆகவே என் கோப்பில்: அளவு, பதிவில்லை.
பதிவில்லாததால் பாதிப்பில்லை
என்று முதல் கடிதம் வந்தது,
பிலவேந்திரன் என்ற பெயரில் இரண்டெழுத்தை விழுங்கி.
தூலோன் ஆஸ்பத்திரியில்
என் தொண்டையிலிருந்து அறுத்தெடுத்ததை
குப்பியில் போட்டு எண் ஒட்டினார்கள்.
அதற்குப் பதிவு உண்டு.

எண்கள் எனக்கு மறப்பதில்லை.
காலரின் உள்ளே சிவப்பு நூலில் தைத்திருக்கும்.
இருநூற்று மூன்று: பையில் எப்போதும் புகையிலைத் தூள்.
ஐம்பத்தாறு: சட்டையெல்லாம் வாந்தி, அந்த ஒரு வாரம் மட்டும்.
நானூற்றுப் பதினேழு லெ கொஃப், அக்குள் கிழிசல்;
நான்தான் தைத்துக் கொடுப்பேன்.

மகள் தெல்ஃபின் தேடிப் பிடித்தாள்.
பிரெஸ்திலிருந்து லெ கொஃபின் மனைவி எழுதினாள்:
அவர் போய்ப் பதினொரு வருஷம்.
இந்தப் படம் மட்டும் இருக்கிறது.

மணலில் வெற்று மார்போடு சிரிக்கிறான்.
பின்னால் கொடி, ஈரச் சட்டைகள்,
இரண்டு சட்டைக்கு நடுவே
கவ்வி மாட்டுகிற ஒரு கறுத்த கை.

அனுப்பினோம். ஏழு மாதம் கழித்து பதில்:
மேற்படி கை
உள்ளூர்ப் பணியாளர் ஒருவருடையதாகவும்
இருக்கக்கூடும்.

தெல்ஃபின் கத்தினாள். நான் கத்தவில்லை,
குரல் அவ்வளவு வராது.
படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஆமாம், இருந்தான் ஒருவன், என் வயசு,
தண்ணீர் இறைத்து ஊற்றுவான்.
பெயர் கேட்டதில்லை.
அவன் சட்டையில் எண் இல்லை.
அவனுக்கு யார் படிவம் கொடுத்திருப்பார்கள்?

மிஸ்ட்ரால் அடிக்கிறது.
நாலாம் மாடியில் என் சட்டை
கொடியைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கிறது.
மேசையில் மேல்முறையீட்டுப் படிவம்,
அதிலும் அதே ஆறாம் கேள்வி.

தோளில் சுமந்த மூட்டையை
மீட்டரில் எப்படி எழுத?