பிந்திய தட்டு

அந்தப் பாட்டில் கை தட்டுவது நான்தான்.
சொன்னால் சிரிப்பார்கள். அதனால் சொல்வதில்லை.

எண்பத்து நான்கு, பிப்ரவரி.
ஃபோர்லி ஊரில் ஒரு டயர் கடைக்குப் பின்னால்
சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய அறை.
வளையலைக் கழற்று நெரினா, கிலுங்குது என்றான் ஃபவுஸ்தோ.
கழற்றினேன்.
கைக்கடிகாரத்தையும் என்றான்.
அதைமட்டும் கழற்றவில்லை.
கடைசிப் பஸ் பத்தே முக்காலுக்கு.

கூலி நாற்பதாயிரம் லிரா.
கேட்கத்தான் பெரிய தொகை:
ஒரு ஜோடி செருப்பு வாங்கினேன்
முதல் மழையிலேயே வாய் பிளந்தது.

பாடியவர் ஒரு பல் டாக்டரின் உதவியாள்,
உருண்டையான, கூச்சப்படுகிற மனிதர்.
டிவியில் வாயசைத்த அழகன் வேறு ஆள்,
தோளுக்குள் பஞ்சு வைத்துத் தைத்த கோட்டு.
வரிகள் ஆங்கிலம். நிலா, டெலிபோன், இன்றிரவு
என்று என்னவோ வரும்.
எங்களுக்குத்தான் புரியவில்லை என்று வெகுநாள் நினைத்திருந்தோம்.

மூன்றாவது தடவை பல்லவி வரும்போது
தும்மல் வந்தது.
அடக்கினேன்.
அடக்கிய நேரத்தில் ஒரு தட்டு பிந்திவிட்டது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
ஃபவுஸ்தோ தலையில் கை வைத்துக்கொண்டான்.
நாடா தீர்ந்திருந்தது. காசும்.
விடு, எவன் கவனிக்கப் போகிறான்.

கோடையில் கவனித்தார்கள்.
ரிமினி கடற்கரையில்
குடை வாடகைக்கு விடுபவன் கவனித்தான்.
வெயிலில் சிவந்துபோன ஜெர்மன் குடும்பங்கள்
ஐஸ்கிரீமைப் பல்லில் கவ்விக்கொண்டு
இரண்டு கையையும் விடுவித்து
சரியாக அந்த இடத்தில்
பிந்தித் தட்டின.
போலந்தில் ஏதோ கல்யாணத்தில்
கிழவர் முதல் குழந்தை வரை தட்டினார்களாம்.
தும்மல் என்னுடையது;
அடக்கிக்கொண்டு நின்றது பாதிக் கண்டம்.

இப்போது செசேனா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருக்கிறேன்.
மூன்று மணிக்கு மேல் ரேடியோவில் பழசு போடுவார்கள்.
போன செவ்வாய் அது வந்தது.
துடைத்து மெருகேற்றிய பதிப்பு என்றாள் அறிவிப்பாளினி.

துடைத்துத்தான் இருந்தார்கள்.
உதவியாள் மூச்சிழுக்கும் சத்தம் இல்லை.
தூரத்தில் டயர் கடைச் சுத்தியல் ஒருமுறை விழும்,
எனக்கும் ஃபவுஸ்தோவுக்கும் மட்டும் தெரியும், அதுவும் இல்லை.
மூன்றாவது பல்லவி வந்தது.
எந்த ஊரிலோ திரைமுன் உட்கார்ந்த ஒரு பையன்
என் தட்டை மெல்ல நகர்த்தி
தாளத்தில் வைத்திருந்தான்.
நல்ல மனசோடுதான் செய்திருப்பான்,
முன்பின் தெரியாதவரின் காலரை
இழுத்துச் சரிசெய்கிற மாதிரி.

படுக்கை விரிப்பின் மறுமுனையில் மிர்வேட்டே.
துரஸ்காரி. கடலுக்கு அந்தப் பக்கம்
சிறுமியாய், இருட்டிய பிறகு
அவள் அப்பா ஆன்டெனாவை இந்தப் பக்கம் திருப்ப,
ஜன்னலை மூடிக்கொண்டு
ஒலியில்லாமல் கை தட்டியவள்.

விரிப்பை அப்படியே விட்டுவிட்டுத் தட்டினாள்.
பிந்தி.

ரேடியோ தப்பாப் போடுது, என்றாள்.
ஆமாம், என்றேன்.

விரிப்பு ஈரத் தரையில் கிடந்தது.
எடுத்து மறுபடி ஊறப்போட்டோம்.