ஆறாங்கட்டை வரைக்கும்

சீட்டுக்காசு நாலு தவணை கட்டாமல்
கிருபைநாதன் கொண்டுவந்து விட்டுப் போனது.
"வித்து எடுங்கோ" என்றான்.
டாங்கியில் பேர் உரிந்து
ஓர் ஆங்கில எழுத்து மட்டும் மிச்சம்.
ஓடாத மோட்டச்சைக்கிளை யார் வாங்குவான்?

கச்சேரிக்கு முன்னால் என் போட்டோக்கொப்பிக் கடை.
தாழ்வாரத்தில் சாத்தி வைத்தேன்.
கசங்கிய தாள் தின்ன வரும் மான்கள்
சீற்றை முகர்ந்து பார்த்து
வேண்டாமென்று போயின.

உதைத்தேன்.
ஒன்று, ஐந்து, பதினேழு.
பதினெட்டாவதில் அது என்னைத் திருப்பி உதைத்தது.
கணுக்கால் வீங்கி
மூன்று நாள் நொண்டிக்கொண்டே
ஊராரின் அடையாள அட்டைகளைக் கொப்பி எடுத்தேன்.

கடை மெஷின் தாளை விழுங்கினால்
நான் திட்டுவதில்லை. மூடியைத் திறந்து
எந்த உருளையில் சிக்கினது என்று பார்ப்பேன்.
இதற்கும் அதுதானே முறை என்று
ஒரு ஞாயிறு கதவைப் பாதி இறக்கிவிட்டுக்
குந்தினேன்.

முதலில் பெற்றோல்.
காபரேற்றர்க் கிண்ணத்துக்குள்
பாணியாய் இறுகின பழைய எண்ணெய்,
அதற்குள் ஓர் எறும்பு, ஒரு கால்கூட உடையாமல்.
ஜெற்றின் துவாரத்தைத் தூரிகை மயிரால் குத்தி
வெளிச்சத்துக்குப் பிடித்தேன்.
திருகோணமலை வானம் கடுகளவு தெரிந்தது.

பிறகு பிளக். கழற்றி இரும்போடு முட்டவைத்து உதைக்க
நீலமாய் ஒரு பொறி,
சடக்.

காற்று? வடிகட்டியில் குளவி கூடு கட்டியிருந்தது.
தட்டிவிட்டேன்.
உள்துறைமுகத்து உப்புக்காற்று
வேண்டியமட்டும் வந்தது.

எல்லாம் இருக்கிறது.
சீவன் மட்டும் இல்லை.

பக்கத்து வெல்டிங் கடை முபீஸ்
பாதி கடித்த வாய்ப்பனோடு எட்டிப் பார்த்தான்.
"ஸ்டாட் ஆகாட்டிப் பரவாயில்ல அக்கா,
திருப்பி உதைக்கிதே, அதுதான் பிழை.
நெருப்பு வருது. நேரத்துக்கு வரல்ல."

பிளைவீலை இழுத்துக் கழற்ற
ஒரு மணித்தியாலமும் அவன் வாயிலிருந்து
எழுத முடியாத நாலு சொல்லும் செலவாயின.
உள்ளே அரைநிலா வடிவில் ஒரு சாவி,
சுண்டுவிரல் நகத்திலும் சிறிது.
தண்டையும் சக்கரத்தையும்
ஒரே கணக்கில் பிடித்து வைத்திருக்க வேண்டியது.
நறுக்குண்டு இரண்டாய்க் கிடந்தது.
சக்கரம் ஒரு நூல் முந்தி நகர்ந்திருக்க,
பிஸ்டன் வந்து சேருமுன்னமே
ஒவ்வொரு முறையும் பொறி
அவசரப்பட்டு வெடித்திருக்கிறது.

முபீஸ் ஓர் இரும்புத்துண்டை அராவினான்.
பெரிசு. பிறகு சிறிசு.
மூன்றாவது துண்டு, நான் ஊற்றின தேத்தண்ணி ஆற முதல்,
குழிக்குள் போய் அமர்ந்தது.

இரண்டாம் உதைக்கே
தெரு முழுக்க நீலப்புகை.
தாளை வாயில் வைத்தபடியே
மான்கள் கழுத்தை நிமிர்த்தின.

முன்பக்கத்துச் சலூனிலிருந்து
ஒரு கன்னத்தில் நுரையும்
கழுத்தில் கட்டின வெள்ளைத் துணியுமாய்
ஓடி வந்தான் கிருபைநாதன்.
கடன்காரன் என்னைக் கண்டால் விலத்திப் போகிறவன்.
இன்று என்னைக் காணவேயில்லை.
சைலென்சரைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டு
விரலை வாயில் வைத்தான்.

உடைந்த சாவியை உள்ளங்கையில் நீட்டி
"எப்ப இருந்து இப்பிடி?" என்றேன்.

"கடல் வந்த ஞாயிறு" என்றான்.
"நிலாவெளியில இருந்து முறுக்கினது.
பின்னால மனிசி, முன்னால டாங்கியில பிள்ளை.
ஆறாங்கட்டையில எஞ்சின் இறுகிச்
சடாரெண்டு நிண்டிட்டுது.
மிச்சத்தை மேட்டுப்பக்கம் ஓடினம்."
கொஞ்சம் பொறுத்து,
"அதுவரைக்கும் வந்ததே, காணும்."

வெள்ளிக்கிழமை ஒருவர் விலை பேச வருகிறார் என்று
சொல்ல வேண்டும்.
கொப்பியில் நாலு தவணையும்
சிவப்பு மையில் அப்படியே இருக்கின்றன.
அதற்கு முதல் சத்தத்தை நிறுத்தலாமென்று
பெற்றோல் குழாயை மூடக் குனிந்தேன்.

"நிப்பாட்டாதையுங்கோ."

அவன் கன்னத்து நுரை
காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்தது.
கால் போத்தல்தான் ஊற்றியிருந்தேன்.
அது முடியுமட்டும்
மூன்று பேரும் நின்றோம்.