நாலு கிலோ எழுநூறு

கொக்கியில் மாட்டிய துணிப்பைக்குள்
கால் இரண்டும் தொங்க அழுகிறாள் ஷைனி.
முள் நடுங்கி நிற்கும்வரை
நான் மூச்சு விடவில்லை.
"நாலு கிலோ எழுநூறு" என்கிறார் டீச்சர்.
ஐந்தாம் மாதத்துக்கு அது சிவப்பு.

பேரணாம்பட்டில், தேர்தல் வந்தால்
ஓட்டுச்சாவடியாகிவிடும் அந்த ஒற்றை அறையில்
செவ்வாய்தோறும் அம்மாக்கள் கூட்டம்.
பாயில் பதினோரு அம்மாக்கள். நான் ஒருத்தன்.
முதல் நாள் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன்.
"இன்னாபா, புள்ளைய வெயில்ல வெச்சினு நிக்கிறே?"
யாரோ தன் பையை மடிக்கு எடுத்துக்கொண்டு
ஒரு ஆள் அகலம் உண்டாக்கினாள்.
பையிலிருந்து பீடி இலை வெட்டும் கத்தரிக்கோல்
எட்டிப் பார்த்தது.

கிரேஸ்லின் பாகாயத்தில் இருக்கிறாள், மனநோய் ஆஸ்பத்திரியில்.
பிரசவமாகி இருபதாம் நாள்
குழந்தையை மாற்றிவிட்டார்கள் என்று சொல்ல ஆரம்பித்தாள்.
முதலில் மெதுவாக. பிறகு தெருவுக்கே கேட்க.
கயிறு கட்டச் சொன்னார்கள், ஜெபம் வைக்கச் சொன்னார்கள்.
இரண்டும் செய்தேன்.
"பெத்த உடம்புக்கு வர்ற நோய்பா, ஜுரம் மாதிரி"
என்றது நர்ஸம்மா வைஜெயந்தி.
ஜுரம் மாதிரி.
அதைப் பிடித்துக்கொண்டுதான் ஆம்புலன்சில் ஏறினேன்.

எனக்கு ஷூ கம்பெனியில் சோல் ஒட்டுகிற வேலை.
எத்தனை சோப்பு போட்டாலும் விரலில் பசை வாடை.
புட்டியை நீட்டினால் முகத்தைத் திருப்புவாள் ஷைனி.
அதனால்தான் எடை ஏறவில்லை என்று
கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன்,
கேட்காத நேரத்தில் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஒரு மாலை டீச்சர் வீட்டுக்கே வந்தார்.
"பால் கலக்குங்க, பாக்கலாம்."
கலக்கினேன்.
டின் மாதக் கடைசிவரை வர வேண்டுமே என்று
மூன்று கரண்டித் தண்ணீருக்கு ஒன்றரை போட்டுப் பழகிய கை
அவர் முன்னால் ஒளிக்க மறந்துவிட்டது.
திட்டியிருக்கலாம்.
இன்னொரு ஒன்றரைக் கரண்டியைப் போட்டு
புட்டியை ஆட்டிக்கொண்டே
டின் என்ன விலை என்று கேட்டார்.

பிறகு நடந்ததெல்லாம் சின்னச் சின்னது.
டின்னுக்கு மகளிர் குழுப் பெட்டியிலிருந்து கடன்,
ஆம்பளைக்கு எப்படி என்று ஒரு சண்டைக்குப் பின்.
நைட் ஷிப்ட் வேண்டாமென்று சூப்பர்வைசருக்குக் கடிதம்;
டீச்சர் கையெழுத்து என்னுடையதைவிட அழகு.
பகலில் பார்த்துக்கொள்ள குர்ஷித் பீ.
"பீடித்தூள் பறக்குற ரூம்ல புள்ள வேணாம்" என்று
முறத்தை மாடிப்படிக்குக் கீழே தள்ளிவிட்டு
முன்னறையைக் கழுவிவிட்டாள்.
அவள் உருதுவில் முனகினால் ஷைனி தூங்கிவிடுகிறாள்.
ராத்திரியில் நானும் முயற்சி செய்கிறேன்,
வார்த்தை தெரியாமல், மூக்கால்.

அட்டையில் 'தாயின் கையொப்பம்' என்று ஒரு கட்டம்.
பேனாவைத் திறந்தேன்.
"அதுல வேணாம். அவங்க வந்து போடுவாங்க."
ஓரத்தில், கோடில்லாத வெள்ளையில்
பென்சிலால் 'தந்தை' என்று எழுதி
அங்கே போடச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை குடியாத்தம் பஸ்,
அங்கிருந்து வேலூர், அப்புறம் பாகாயம்.
மரத்தடியில் கிரேஸ்லின். தங்கை தலை வாரிவிட்டிருந்தாள்.
குழந்தையைப் பார்க்கவில்லை. அட்டையைக் கேட்டாள்.
சிவப்பில் ஒரு புள்ளி.
அடுத்தது மஞ்சளில், ஐந்து கிலோ நானூறு.
இரண்டுக்கும் நடுவே விரலை வைத்து
மேலே போனாள், கீழே வந்தாள், மறுபடி மேலே போனாள்.
"யாரு பால் கலக்குறது?"
நான்தான் என்றேன்.
"சூடு பாக்குறியா, மணிக்கட்டுல?"
பார்க்கிறேன் என்றேன்.
பொய். கன்னத்தில்தான் வைத்துப் பார்ப்பேன்.

திரும்பும் பஸ் பாலாற்றுப் பாலத்தில் ஏறியபோது
கீழே மணலில் யாரோ கிரிக்கெட் ஆடினார்கள்.
ஷைனி தோளில் தூங்கினாள், அட்டை மேல் எச்சில் வழிய.
ஒரு கையை மெல்ல விடுவித்து
மணிக்கட்டின் உள்பக்கத்தை முகர்ந்து பார்த்தேன்.
அங்கே பசை படுவதே இல்லை.