என் பெயர் ஒட்டிய டப்பா

கிரிம்ஸ்பியில் மீன் லாரிகளுக்கு முன்னால்
எழுந்துவிடும் கடற்காகங்கள்.
அவற்றுக்கும் முன்னால் நான்.
மூன்று மணி பத்து நிமிடத்துக்கு
குளிர்பதனப் பெட்டி உறுமத் தொடங்கும்,
எனக்குள் ஏதோ அதற்குப் பதில் உறுமும்.
முப்பத்தோரு வயதில்தான் சொன்னார்கள்
இதற்கு ஆட்டிசம் என்று பெயராம்.
அதுவரை இதற்கு
"கோரின், கொஞ்சம் அடங்கு" என்று பெயர்.

பழைய மருத்துவக் குறிப்புகளைக் கேட்டு
ஐந்து முறை போன் செய்தேன்.
போன் பேசுவது எனக்கு
சட்டையில்லாமல் சந்தையில் நிற்பது.
பதற்றத்துக்கு மருந்து வாங்க
எவ்வளவு பதற்றத்தை
முன்பணமாகக் கட்ட வேண்டியிருக்கிறது!

திரையில் வந்த மருத்துவருக்குப் பின்னால்
ஒரு பிளாஸ்டிக் செடி.
இலையெல்லாம் ஒரே அளவு. எண்ணினேன், நாற்பத்திரண்டு.
"இதுவரை எத்தனை மருந்துகள் தோற்றன?" என்றார்.
குறைந்தது இரண்டாவது தோற்றிருக்க வேண்டும், அது விதி.
ஒன்று: நாலு மாதம் பல்லை நெரித்துக்கொண்டிருந்தேன்.
இன்னொன்று: கை நடுங்கவில்லை,
கைக்குச் சொந்தக்காரி நடுங்கினாள்.
மூன்றாவதன் பெயர் மறந்துவிட்டது,
அந்த வருடமே மறந்துவிட்டது.
"மூன்று" என்றேன்.
பரீட்சையில் தேறியவளைப் பார்ப்பதுபோல்
தலையசைத்தார்.
என் தோல்விகளை யாரும்
இத்தனை மரியாதையாகக் கேட்டதில்லை.

கஞ்சா என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.
பூ என்றார்.

பிறகு ஒரு குழு கூடியது.
என்னைப் பார்த்தேயிராத நாலைந்து பேர்
ஒரு செவ்வாய்க்கிழமை என்னைப் பற்றிப் பேசினார்கள்.
புதன்கிழமை மின்னஞ்சல்: சரி.
மாதம் நூற்றெழுபது பவுண்டு.
ஈரக் கையுறையோடு ஹாடக் மீன் அறுக்கும் எனக்கு
அது இரண்டு முழு நாள்.

கூரியர்காரர் பிறந்த தேதி கேட்டார்.
முகத்தைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.
வெள்ளை டப்பா. குழந்தைகள் திறக்க முடியாத மூடி.
எனக்கும் திறக்கவில்லை.
அழுத்தித் திருகி, அழுத்தித் திருகி,
கடைசியில் திறந்தபோது
அதே வாசம்.
கிரெய்க்கின் ஜாக்கெட் வாசம்.

கிரெய்க் என் அண்ணன்.
கூரைக்கடியில் பதினோரு செடி,
லிங்கன் சிறையில் எட்டு மாதம்.
மற்ற பத்தை யாருக்கு விற்றான் என்று கோர்ட்டுக்குத் தெரியும்.
ஒரு செடி எனக்காக வளர்ந்தது என்று
அவன் நீதிபதியிடம் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.
சொல்லத்தான் போனேன்.
கோர்ட்டில் ஒரு குழல்விளக்கு
கத்திக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தான்.
டப்பாவை ஜன்னலோரம் கொண்டுபோய்
திருப்பித் திருப்பிப் படித்தான்.
என் பெயர். தேதி. அளவு.
கொளுத்தக் கூடாது, சூடாக்கி ஆவியை மட்டும்.
மயக்கமிருந்தால் வண்டி ஓட்டக் கூடாது.
"உன் பேரை அச்சடிச்சிருக்காங்க."
"ஆமா."
"எழுத்துப் பிழைகூட இல்ல."

அவனுடையதில் இருந்தது.
குற்றப்பத்திரிகையில் ஓர் எழுத்து விட்டுப்போய்
எட்டு மாதமும்
வேறு யாரோவாக அவன் உள்ளே இருந்தான்.

டப்பாவை மேசையில் வைத்துவிட்டு
கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்,
ரேகை பதிந்திருக்குமோ என்பதுபோல.
"கேக்குதா உனக்கு, இது?"

குளிர்பதனப் பெட்டி இன்னும் உறுமுகிறது.
ஆனால் இப்போது
அது குளிர்பதனப் பெட்டிக்குள் உறுமுகிறது.
இதை எப்படிச் சொல்வது.
தேநீர் ஊற்றினேன்.
கோப்பையின் காதை அவன் பக்கம் திருப்பி வைத்தேன்.

"உன்னோடது இதைவிட நல்லா இருந்துச்சு" என்றேன்.
அது பொய்.
எனக்குப் பொய் சொல்ல வராது என்பது
அவனுக்குத் தெரியும்.
அதனால் நம்பினான்.