கிடைத்ததும் நிறுத்து

பெயர் சொன்னால் போதும்.
எழுத்துகளை அரைத்து எண்ணாக்கி
அந்த எண்ணின் அறைமுன் ஒரே எட்டில் போய் நிற்கும்
நான் எழுதிய அட்டவணை.
வழியில் வேறெந்தக் கதவையும் தட்டாது.
ஹெரால்டோ வுக்காசோவிச்? ஓ நெகட்டிவ்.
அடுத்தவர்?
இப்படித்தான் மார்ச்சில்
புவெர்த்தோ நத்தாலெஸ் ஆஸ்பத்திரியில்
கைதட்டல் வாங்கினேன்.

ஜூலை. இரவு இரண்டேகால்.
கூரைத் தகரத்தைக் காற்று பிய்க்கிறது.
புன்தா அரேனாஸ் சாலையைப் பனி மூடிவிட்டது.
போனில் நர்ஸ் எல்பா மன்சியா:
"பெயரெல்லாம் என்னிடம் இல்லை. ரத்தம் வேண்டும்.
ஓ நெகட்டிவ் யார் யார்?"

யார் யார்.
சாவி கொடுத்து மதிப்பு வாங்கக் கட்டியது இது;
மதிப்பை நீட்டிச் சாவி கேட்கிறாள்.
ரத்தம் பார்த்தா அறை ஒதுக்கினேன்?
அடுத்தடுத்த அறைக்காரர்களுக்குள்
ஒட்டுமில்லை, உறவுமில்லை.
ஒரே எட்டில் தாவிய கால்
இனி வீடு வீடாய் நடக்கவேண்டும்.

அறுநூற்றுப் பதினொரு கதவு.
இயந்திரத்துக்கு இமைப்பொழுது, பொய் சொல்வானேன்.
ஒரு பெயர் வந்தது: வுக்காசோவிச்.
நண்டுப் படகில் போய் ஒன்பது நாளாயிற்று என்றாள்
தூக்கம் கலையாத அவர் மனைவி.

ஒரே ஒரு பெயரா?

ஒரு சாவிக்கு ஒரு மதிப்பு;
ஒரு மதிப்புக்கு எத்தனை சாவியும் இருக்கலாம்.
தெரியும். பிறருக்குப் பாடமே எடுத்திருக்கிறேன்.
இருந்தும் நிரலில் பதினான்காம் வரி,
சாட்சாத் நான் எழுதியது:
கிடைத்ததும் நிறுத்து.

அழித்தேன்.
நட, கடைசிக் கதவுவரை.

ஏழு பேர்.
இரண்டாமவர் எடுக்கவில்லை.
மூன்றாவது ரொசெந்தா காயுன், ரொட்டிக்கடை,
மாவு பிசைய ஏற்கெனவே எழுந்திருந்தாள்.
"இத்தனை பேரில் என்னை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?"
உங்களைத் தேடவேயில்லை,
ஊரையே திறந்து பார்த்தேன்
என்று சொல்ல வாய் வரவில்லை.
"பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், வண்டி வருகிறது."

விடியுமுன் இன்னோர் அட்டவணை கட்டினேன், தலைகீழாக:
ரத்தம் சாவி, பெயர்கள் மதிப்பு.
யாராவது ஊரைவிட்டுப் போனால்
இனி இரண்டு இடத்தில் அழிக்கவேண்டும்.
"ஒன்றில் மறந்துவிட்டால்?" என்றாள் எல்பா.
"இரண்டில் ஒன்று பொய் சொல்லும்."
எது என்று அவள் கேட்கவில்லை.
ஈரக் கையுறையை ஹீட்டர்மேல் விரித்துவிட்டு
வார்டுக்குப் போனாள்.